டோக்கன் வராத அம்பாரம்

ஓடைக்கரை உப்பளத்தார் சங்கத்தில் போன ஆவணி வரைக்கும் எல்லாருக்கும் ஒரே லாகின்தான். செயலாளர் இருதயநாதன் சாரும் அதில்தான் நுழைவார், லாரி ஷெட்டில் உட்கார்ந்து பேர் கூப்பிடும் ஐயப்பனும் அதில்தான் நுழைவான். பாஸ்வேர்டு ஒன்றும் ரகசியமில்லை, சங்கத்துப் போன் நம்பர். வாசல் போர்டிலேயே பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். யார் தப்பாகத் தட்டினாலும் சங்கம் தட்டியதாகப் போய்விடும். சங்கத்தைப் பிடித்து யார் கேள்வி கேட்பது? எல்லாரும் சுகமாக இருந்தார்கள்.

அந்தச் சுகத்துக்கு முடிவு கட்டச் சென்னையிலிருந்து புது சாஃப்ட்வேர் வந்தது. பழசை எடுத்துவிட்டுப் புதுசைப் போட்டால் தில்லுமுல்லு நடக்காது என்று நிர்வாகக் குழுவில் ஒருத்தர் சொல்ல, மற்றவர்கள் டீயைக் குடித்துக்கொண்டே தலையாட்ட, தீர்மானம் ஆகிவிட்டது. இனிமேல் ஆளுக்கு ஒரு லாகின். எவர் எதைத் தட்டினாலும் அவர் பேர் அதன் பக்கத்திலேயே நிற்கும்.

மற்றவர்கள் பயந்தார்கள். கம்ப்யூட்டரில் உட்காரும் இலக்கியாவுக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். கிளியனூரில் வாழப்போன வீட்டில் அவளை ஒருத்தரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “ஏய்” என்பார்கள், “இந்தா” என்பார்கள், கோபம் வந்தால் காது கொடுத்துக் கேட்க முடியாது. அடி தாங்காமல் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு அப்பன் வீட்டுக்கு வந்தவள். மரக்காணத்தில் அவள் படித்த கம்ப்யூட்டர் கோர்ஸ்தான் கை கொடுத்தது. சங்கத்தில் தற்காலிக வேலை. “கம்ப்யூட்டர்காரம்மா இருக்குதா?” என்று லாரிக்காரர்கள் வந்து நிற்க ஆரம்பித்த பிறகுதான் அவள் தெருவில் தலையைத் தூக்கி நடந்தாள். இப்போது ஸ்க்ரீனில் அவள் பேரே வரப்போகிறது.

இருதயநாதன் சார் அவளைக் கூப்பிட்டு எச்சரிக்கை செய்தார். கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். “தோ பாரும்மா, கமிட்டில ரெண்டு பேரு அவங்க வீட்டுப் புள்ளைய இந்த சீட்டுல ஒக்கார வைக்கக் காத்துகினு இருக்காங்க. இத்தினி நாளா யார் தப்புன்னு தெரியாது, காப்பாத்திட்டேன். இனிமே உன் பேர்ல ஒண்ணு வந்துச்சின்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. பாத்து செய்.”

“பாத்துக்கறேன் சார்” என்றாள் இலக்கியா.

அவளுடைய அப்பா கண்ணாயிரம் ஆயுசு பூராவும் அடுத்தவன் அளத்தில் உழைத்தவர். பொங்கல் முடிந்த கையோடு பாத்தியைக் காலால் மிதிக்கத் தொடங்கவேண்டும். சேறு கல்லாக இறுகும்வரை மிதித்தால்தான் உப்பு மண்ணொட்டாமல் வெள்ளையாக விளையும். அப்படி மிதித்து மிதித்து அவர் பாதம் வெடித்துப்போய், படுக்கும்போது பாயில் மாட்டி நூல் பிரியும். அவர் மனைவி ஆண்டாள் உப்பு சுமந்தே உச்சந்தலையில் முடி தேய்ந்தவள். இந்த வருஷம்தான், கேட்டுக் கேட்டுக் கால் தேய்ந்த பிறகு, சங்கத்து நிலத்தில் ஒரு துண்டு கண்ணாயிரம் பேருக்குக் குத்தகையாக வந்தது. வரப்பில் நட்ட கல்லில் தன் பேரைத் தாரால் எழுதிவிட்டு, அன்றைக்கு முழுதும் அந்தக் கல் பக்கத்திலேயே உட்கார்ந்து சோறு தின்றார் மனுஷன். ஆண்டாள் கேலி செய்தாள். “கல்லுக்கு ஒரு வாய் ஊட்டுறதுதானே?”

விளைச்சல் நன்றாக இருந்தது. வாரிய உப்பையெல்லாம் மேட்டில் ஒரே அம்பாரமாகக் குவித்து, தென்னங்கீற்று வேய்ந்து, கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். அந்த உப்பு லாரி ஏறினால் நிலம் அடுத்த வருஷமும் அவருக்கு. ஏறாவிட்டால் பழையபடி அடுத்தவன் பாத்தி, அடுத்தவன் உப்பு வாரும் பலகை.

இங்கே அந்தக் கரையின் வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சங்கத்தில் லாரிக்கு முறைப்படி டோக்கன் போடுவார்கள். டோக்கன் விழுந்த ஆள் முதல் நாள் சாயங்காலமே அம்பாரத்தின் கீற்றைப் பிரித்துப் போட்டுவிட வேண்டும். காலையில் லாரி வந்து நிற்கும்போது மூடிக் கிடந்தால் டிரைவர் வண்டியைத் திருப்பி அடுத்த அளத்துக்குப் போய்விடுவான், முறை போச்சு. அதே மாதிரி, டோக்கன் இல்லாமல் எவனாவது அம்பாரத்தைப் பிரித்தால் வெளி வியாபாரிக்குத் திருட்டுத்தனமாக ஏற்றுகிறான் என்று அர்த்தம். அதற்குத் தண்டனை நிலத்தைப் பிடுங்குவது. பழைய சட்டம், இரக்கமில்லாத சட்டம், யாரும் மாற்றவில்லை.

புது சாஃப்ட்வேர் போடுவதற்கு முந்தின வாரமே கம்பெனி இன்ஜினியர் மேத்யூ நேரில் வந்து இலக்கியாவுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனான். “மேடம், ரெண்டு டேட்டாபேஸ் இருக்கும். ஒண்ணு நிஜம், ஒண்ணு பயிற்சி. பயிற்சில நீங்க என்ன வேணா தட்டிப் பழகலாம், யாருக்கும் போய்ச் சேராது. மெம்பர் பேரெல்லாம் அப்படியே காப்பி பண்ணியிருக்கேன், அதனால பாக்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். பயிற்சின்னா ஸ்க்ரீன் மேல மஞ்சப் பட்டை வரும். அது ஒண்ணுதான் வித்தியாசம்.”

அவன் தன்னுடைய லேப்டாப்பில் காட்டினான், பளிச்சென்று மஞ்சள் தெரிந்தது. இலக்கியாவின் மானிட்டர் உப்புக்காற்றில் பத்து வருஷம் கிடந்த மானிட்டர். மேல்பாதி எப்போதோ பழுத்துப்போய், வெள்ளையே அதில் மஞ்சளாகத்தான் தெரியும். இது மேத்யூவுக்குத் தெரியாது. இலக்கியாவுக்குப் பழகிப்போய்விட்டது.

புதுசு போட்ட அன்றைக்கு அவள் மிஷின் திறக்கவே மாட்டேன் என்றது. இருதயநாதன் சாருடைய ரூமில்தான் சர்வர். அதுவும் ஷெட் மிஷினும் திறந்துகொண்டன. இவளுடையதில் “சர்வருடன் இணைய முடியவில்லை” என்றே வந்தது. அதைச் சரிசெய்தால் “லாகின் தவறு” என்றது. சரியான பேர், சரியான பாஸ்வேர்டு, மறுபடியும் தவறு. வெளியே வரிசை நின்றது. கலியமூர்த்தி என்று ஒரு மெம்பர், வாய் ஓயாதவர், ஜன்னலில் தலையை நுழைத்தார்.

“இன்னாம்மா, பழைய பொட்டி நல்லாத்தானே இருந்திச்சு? புதுசுக்கு உன்னத் தெரியலியா?”

“தெரியும்ணே, செத்த இருங்க.”

“மதியத்துலருந்து செத்த இருக்கச் சொல்றியே. நான் போயி ஒரு டீ சாப்ட்டு வர்றதுக்குள்ள அதுக்கு உன்ன அடையாளம் தெரிஞ்சிடுமா?”

மேத்யூ போனில் ஒரு ஃபைலைத் திறக்கச் சொன்னான். அதில் சர்வர் பேர் ஒரு வரி, டேட்டாபேஸ் பேர் ஒரு வரி. “சர்வர் பேரை மாத்துங்க மேடம். சேவ் பண்ணுங்க. இப்ப?” இப்பவும் லாகின் தவறு. “உங்க யூசருக்கு இந்த டேட்டாபேஸ்ல பர்மிஷன் கொடுக்கணும் போல இருக்கு. நான் இங்கருந்து...” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே லைன் கட்டாகிவிட்டது. திரும்ப அடித்தால் பிஸி, பிஸி, பிஸி.

சாயங்காலம் ஆகிவிட்டது. மறுநாள் லாரிக்கு ஒரு டோக்கனாவது போட்டாகவேண்டும் என்று சார் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.  போன வாரம் பழகும்போது இலக்கியாவுக்குத் திறந்ததே, அந்த வரி ஞாபகம் இருந்தது. முதலில் திறக்கட்டும், ஸ்க்ரீன் வரட்டும், மற்றதை மேத்யூ பார்த்துக்கொள்வான் என்று போன வாரத்து வரியைத் திரும்ப எழுதி சேவ் செய்தாள். திறந்துகொண்டது! “வணக்கம், இலக்கியா” என்று வந்தது. மெம்பர் பேரெல்லாம் வரிசையாக வந்தது. அந்தச் சந்தோஷத்தில், தான் எழுதியது பயிற்சி டேட்டாபேஸின் பேரை என்பது அவள் புத்தியிலிருந்து நழுவியே போய்விட்டது. வரிசையில் முதல் முறை யாருக்கு என்று பார்த்தாள். கண்ணாயிரம். தட்டினாள். “டோக்கன் பதிவானது” என்றது.

“சார், போட்டுட்டேன் சார்!”

“அப்பாடா. மீதிய நாளைக்குப் பாத்துக்கலாம், பூட்டும்மா” என்றார் சார். மறுநாள் காலையில் அவருக்குத் திண்டிவனத்தில் மீட்டிங்.

வெளியே வந்ததும் முதல் போன் அப்பாவுக்கு. “அப்பா, டோக்கன் வந்துடுச்சுப்பா! நாளைக்கு விடிகாலைல லாரி. மொத டோக்கனே நம்மளுதுதான். நானே என் கையால போட்டேன்.”

அந்தப் பக்கம் “ஆண்டாளு! ஏ ஆண்டாளு! பாப்பா டோக்கன் போட்டுடுச்சாம்” என்று கண்ணாயிரம் கத்துவது கேட்டது.

ஸ்கூட்டியை விட்டுக்கொண்டு இலக்கியா அளத்துக்கே போனாள். வெயில் இறங்கி, பாத்தித் தண்ணீரெல்லாம் சிவந்து கிடந்தது. அப்பா அம்பாரத்தின் மேலேறிக் கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தார். அம்மா கீழே நின்று கீற்றை வாங்கி அடுக்கினாள். வெயிலில் காய்ந்த கீற்று, தொட்டால் பாதி ஒடிந்தது.

“இன்னாய்யா, பாத்துப் பிரி. அடுத்த வருசத்துக்கு ஆவும்” என்றாள் ஆண்டாள்.

“அடுத்த வருசத்துக்குப் புதுக் கீத்தே வாங்கிக்கலாம்டி. நம்ம நெலம், நம்ம உப்பு.”

“தோடா! ஒரு லாரிக்கே இந்தப் பேச்சு பேசற.”

“பேசாம இன்னா? என் பொண்ணு போட்ட டோக்கனு. இத்தினி வருசமா எவன் எவனோ ஆபீஸ்ல கை நீட்டி, ‘அப்புறம் வாடா’ன்னு தொரத்தினானுங்க. இன்னிக்கு என் பொண்ணு உள்ள ஒக்காந்துகினு இருக்குது.” அவர் மேலேயிருந்து குனிந்து பார்த்தார். “ஏம் பாப்பா, அந்தப் பொட்டில என் பேரு எப்படி வருது? இனிஷியலோடவா?”

“இனிஷியலோடதாம்பா. பக்கத்துல ‘பதிவு செய்தவர் இலக்கியா’ன்னு என் பேரும் வருது.”

“ரெண்டு பேரும் ஒரே எடத்துலயா?”

“ஆமாப்பா.”

கண்ணாயிரம் அடுத்த கீற்றை உருவினார். முகம் பூராவும் சிரிப்பு. உப்பு மொத்தமும் திறந்துகொண்டு வெள்ளை வெளேரென்று நின்றது. மூன்று பேரும் அதன் அடியில் உட்கார்ந்து, ஆண்டாள் கொண்டுவந்த பழைய சோற்றைச் சென்னாக்குன்னி இறால் தொக்கோடு தின்றார்கள். இலக்கியா புருஷன் வீட்டிலிருந்து வந்ததற்கப்புறம் அவ்வளவு சோறு ஒரே மூச்சில் தின்றது அன்றைக்குத்தான்.

விடிந்தது. லாரி வரவில்லை. உப்பு சுமக்கச் சொல்லி வைத்திருந்த பெண்கள் கூடையோடு வந்து உட்கார்ந்து, பேசி, வெற்றிலை போட்டு, வெயில் ஏறியதும் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். கண்ணாயிரம் போன் போட்டார்.

“பாப்பா, வண்டி இன்னும் வர்லியே?”

இலக்கியா ஸ்க்ரீனைப் பார்த்தாள். டோக்கன் இருந்தது. “இங்க இருக்குதுப்பா. ஷெட்ல இன்னான்னு கேக்கறேன்.”

ஐயப்பனைக் கேட்டாள். “லாரி நின்னுகினுதான் இருக்குது. என் ஸ்க்ரீன்ல ஒரு பேரும் வர்லியே. பேரு வராம எப்படி அனுப்பறது? எடைமேடை கேட்டே தொறக்காது” என்றான். அப்படியானால் கோளாறு ஷெட் மிஷினில்தான் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றாமல் என்ன செய்யும்? தன்னுடையது திறந்திருக்கிறது, அதில் பேர் தெரிகிறது. அவனுடையதில் தெரியவில்லை. மேத்யூவைப் பிடித்து, ஷெட் மிஷினுக்குக் கனெக்‌ஷன் போய்விட்டது என்று சொன்னாள். அவனும் அதை நம்பி ஷெட் மிஷினில் ரிமோட்டில் நுழைந்து, நல்லாயிருந்த மிஷினைத் துருவித் துருவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உச்சிவேளைக்கு மறுபடியும் அப்பா. “பாப்பா, சொமக்கறவளுங்க கெளம்பறாளுங்க. கலியமூர்த்தி அளத்துல வாரற வேல இருக்குதாம். மேக்கால கொஞ்சம் கருக்கலா இருக்குது. மூடிடட்டுமா? ஆளுங்க இருக்கறப்பவே மூடிட்டா...”

“வேணாம்பா! மூடிட்டா வண்டிக்காரன் திரும்பிப் போயிடுவான். ஷெட்லதான் கோளாறு, சரி பண்ணிகினு இருக்காங்க. இன்னும் செத்த நேரந்தான்.”

“சரி கண்ணு. நீ சொன்னா சரி.”

அந்தப் பேச்சுக்கப்புறம் பெண்கள் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மேத்யூ ஷெட்டில் ஒன்றும் கிடைக்காமல், கடைசியில் அவள் மிஷினுக்குள் வந்தான்.  “மேடம்... நீங்க பயிற்சி டேட்டாபேஸ்ல இருக்கீங்க.”

“இல்லியே சார், பேரெல்லாம் வருதே.”

“அதுலயும் பேர் வரும்னு சொன்னேனே மேடம். மேல மஞ்சப் பட்டை தெரியல?”

இலக்கியா மானிட்டரின் மேல்பக்கத்தைப் பார்த்தாள். மஞ்சளாகத்தான் இருந்தது. என்றைக்கும் போல. எழுந்து ஜன்னலுக்கு ஓடினாள். மேற்கே கறுத்துத் திரண்டு, அளத்துப் பக்கம் காற்று சுழன்றுகொண்டிருந்தது. அப்பாவுக்குப் போன் அடித்தாள். ரிங் போகவில்லை. அம்மாவுக்கு அடித்தாள், போகவில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போதே முதல் துளி கையில் விழுந்தது, சில்லென்று, கனமாக.

அவள் போய்ச் சேர்ந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. கண்ணாயிரம் ஒடிந்த கீற்றுகளை அள்ளி அம்பாரத்தின் மேல் வீசிக்கொண்டிருந்தார், காற்று அதையெல்லாம் தூக்கிப் பாத்தியில் போட்டது. ஆண்டாள் கட்டியிருந்த சேலையை அவிழ்த்து, பாவாடை ரவிக்கையோடு நின்று, அதை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு கத்தினாள். “புடிடி! அந்தப் பக்கம் புடிடி!” ஒரு சேலை எவ்வளவை மூடும்? இலக்கியா தன் துப்பட்டாவையும் போட்டாள். உப்பு அவள் கண்ணெதிரே சரிந்தது, மெதுவாக, அடியிலிருந்து, வரப்பின் வழியாக ஓடையில் இறங்கியது. கீழே நின்றதோடு சேற்றுத் தண்ணீர் வந்து கலந்தது. பாத்திக்கரை உடைந்து எல்லாம் ஒன்றானது.

“விடு ஆண்டாளு” என்றார் கண்ணாயிரம். “விடு. போச்சு.”

“விட மாட்டேன்யா!”

“சேலையக் கட்டிக்கோடி. ரோட்டுல ஆளு பாக்கறான்.”

ஆண்டாள் ஈரச் சேலையைச் சுற்றிக்கொண்டு சேற்றில் உட்கார்ந்து, ஐயோ ஐயோ என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அழாமல் என்ன செய்வாள்? கால் வெடிக்க மிதித்து, கண் கூசும் வெயிலில் வாரி, தலையில் சுமந்து சேர்த்த உப்பு. இலக்கியா அவள் தோளைத் தொடப் பயந்து தள்ளி நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பயிற்சி டேட்டாபேஸ் என்றால் என்ன, தான் எந்த வரியை மாற்றினாள், மஞ்சள் எப்படித் தெரியாமல் போயிற்று, எல்லாம். ஒவ்வொரு வார்த்தைக்கும் அவள் தலை குனிந்துகொண்டே போனது. அப்பா திட்டுவார், அடித்தாலும் அடிக்கட்டும் என்று காத்திருந்தாள். கண்ணாயிரம் பாதத்தில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே கேட்டார்.

“இது யாரு மேல வரும்?”

“என் மேலதாம்பா. என் பேருதான் அதுல இருக்குது.”

“வேல போயிடுமா?”

“போனாப் போவட்டும்பா. நாளைக்கு சார் கிட்ட நானே சொல்றேன். ஆபீஸ் தப்புன்னு ஆயிட்டா நெலத்தப் புடுங்க மாட்டாங்க, லாரி ஏறாததையும் கணக்குல எடுக்க மாட்டாங்க. நெலம் நம்மளுக்கு நிக்கும்.”

ஆண்டாள் மூலையிலிருந்து, “சொல்லுடி, அதத்தான் சொல்லணும்” என்றாள். கண்ணாயிரம் எண்ணெய்க் கிண்ணத்தை மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டார்.

மறுநாள் காலையில் சங்கம் பூராவும் கூட்டம். அம்பாரம் பிரிந்து கரைந்தது ஊருக்கே தெரிந்துவிட்டது. நிஜ டேட்டாபேஸில் கண்ணாயிரத்துக்கு டோக்கன் இல்லை என்பதும் தெரிந்துவிட்டது. இருதயநாதன் சார் அவரைத் தன் ரூமுக்குக் கூப்பிட்டார். கதவோரம் கமிட்டி ஆள் இரண்டு பேர். ஆண்டாள் வாசல் வேப்பமரத்தடியிலேயே நின்றுவிட்டாள்.

“ஏம்பா கண்ணாயிரம், டோக்கன் விழாம அம்பாரத்த ஏன் பிரிச்ச?”

கண்ணாயிரம் வாயைத் திறப்பதற்குள் இலக்கியா உள்ளே வந்தாள். “சார், நான் சொல்றேன் சார். முந்தாநேத்து நான் போட்டேன்ல டோக்கன், அது பயிற்சில விழுந்துடுச்சு சார். நான்தான் அப்பாகிட்ட வந்துடுச்சுன்னு சொன்னேன். நேத்து மூடிடவான்னு கேட்டாரு, நான்தான் வேணாம்னு...”

“பொய் சார்” என்றார் கண்ணாயிரம்.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். இலக்கியாவும் பார்த்தாள்.

“அவ எனக்காகப் பொய் சொல்றா சார். டோக்கன் வந்துச்சின்னு அவ சொல்லவே இல்ல. நானாத்தான் பிரிச்சேன். வெளி வியாபாரி ஒருத்தன் வர்றேன்னான். ஆசப்பட்டுட்டேன்.”

“அப்பா!”

“நீ சும்மா இரு.”

“சார், என்னால காட்ட முடியும் சார். அந்த டோக்கன் அதுல இன்னும் இருக்குது.” அவள் ஓடிப்போய்த் தன் மிஷினில் அந்த வரியை மறுபடி எழுதினாள். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக எழுதினாள். மூன்றாவது தடவை சரியாக எழுதியும், டேட்டாபேஸைத் திறக்க முடியவில்லை என்றது. மேத்யூவுக்கு அடித்து ஸ்பீக்கரில் போட்டாள். அவன் பாவம், உள்ளதைத்தான் சொன்னான்.

“பயிற்சிய நேத்தே எடுத்துட்டேன் மேடம். ரெண்டு இருந்தாதானே மறுபடி குழப்பம்.”

“ஏம்பா மேத்யூ, இந்தப் பொண்ணு அதுல கண்ணாயிரத்துக்கு டோக்கன் போட்டுதா?” என்று சார் கேட்டார்.

“அதுல கனெக்ட் ஆயிருந்தாங்க சார், அது நிஜம். யாருக்கு என்ன போட்டாங்கன்னு நான் பாக்கல. இப்ப அது இல்ல சார்.”

“அது மொத மொதல்ல நான் போட்ட டோக்கன்தான் சார்! நம்புங்க சார்!” என்று இலக்கியா அழுதாள். எதைச் சொல்கிறோம் என்று கூட அவளுக்குத் தெரியவில்லை. “எங்கப்பாவுக்குன்னு போட்டேன் சார். நீங்ககூட அப்பாடான்னு சொன்னீங்களே.”

இருதயநாதன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் போட்டுட்டேன் என்று கத்தியது அவருக்கு ஞாபகம் இருந்திருக்கும். யாருக்கு என்று அன்றைக்கு அவர் கேட்கவில்லை. கதவோரத்தில் நின்ற கமிட்டிக்காரர்கள் இவர் என்ன செய்யப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“கண்ணாயிரம், நீ சொல்ற மாதிரின்னா நெலம் போயிடும்பா. இவ சொல்ற மாதிரின்னா இவ வேல போயிடும். எது நிசம்னு கடவுளுக்குப் பயந்து சொல்லு.”

கண்ணாயிரம் இலக்கியாவின் பக்கத்தில் வந்தார். வெடித்த கையைத் தூக்கி அவள் உச்சந்தலையில் வைத்தார்.

“என் பொண்ணு தல மேல சத்தியமா சொல்றேன் சார். அவ சொல்லல. நானாத்தான் பிரிச்சேன்.”

 பெற்ற பிள்ளை தலையில் கைவைத்துப் பொய் சொன்னால் அந்தப் பிள்ளைக்கு ஆகாது என்பது அந்தக் கரையில் பால்குடிக்கும் குழந்தைக்கும் தெரியும். சர்ச்சுக்குப் போகிற இருதயநாதன் சாருக்கும் தெரியும். எந்த அப்பனும் பொய்யாக அப்படிக் கை வைக்கமாட்டான். கமிட்டிக்காரர்கள் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு வெளியே போய்விட்டார்கள். விஷயம் அதோடு தீர்ந்துவிட்டது. இனிமேல் இலக்கியா நிஜத்தைச் சொன்னால், என் அப்பன் என் தலையில் பொய்ச்சத்தியம் செய்தான் என்று சொன்னதாகும். அவளால் அதைச் சொல்ல முடியவில்லை. 

சார் நீட்டிய பேப்பரில் கண்ணாயிரம் கையெழுத்துப் போட்டார். நிலத்தைத் திரும்பக் கொடுப்பதாக. பிறகு இலக்கியாவின் மேஜைக்கு வந்து, மற்றவர்கள் காதில் விழாமல் குனிந்து நின்றார். 

“பாப்பா. சாயங்காலம் வர்றப்ப அம்மன் கோயிலாண்ட நின்னு ஒரு சூடம் ஏத்திட்டு வா. உன் தலைல பொய்யாச் சத்தியம் பண்ணிட்டேன். உனக்கு ஒண்ணும் வரக்கூடாது கண்ணு. வர்றதெல்லாம் எங்கப்பனுக்கு வரட்டும்னு வேண்டிக்க.”

“நான் எப்படிப்பா அப்படி வேண்டுவேன்?”

“வேண்டிக்கம்மா. நெலம் இல்லன்னா எனக்குக் கூலி இருக்குது. உனக்கு இன்னா இருக்குது? மறந்துடாத. சூடம் ஏத்தணும்.”

“சரிப்பா” என்றாள். வேறென்ன சொல்வாள் அவள்?

அவர் வெளியே போனார். வேப்பமரத்தடியில் ஆண்டாள் அவசரமாக எழுந்தாள். “இன்னாய்யா ஆச்சு? பொண்ணு சொல்லிச்சா? நெலம் நம்மளுக்குத்தானே?”

“பாப்பா வேல போவல” என்றார் கண்ணாயிரம்.

“நெலம்?”

அவர் கையை விரித்தார். ஆண்டாள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு, தினமும் போகிற பழக்கத்தில், அளத்துப் பக்கம் நடக்க ஆரம்பித்தாள். கண்ணாயிரம் அவள் முழங்கையைப் பிடித்து மெல்லத் திருப்பி, வீட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.